கத்திரி சாரும் ரிஜெக்ட் மூட்டையும்

திருப்பூரில் கத்திரியால் பிழைப்பவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் கத்திரியைத் தடுப்பதற்கென்றே பிறந்த மனிதர் இந்த ஊரில் என்ன, உலகத்திலேயே ஒருவர்தான். அவர் என் வீட்டு மாடியில் குடியிருந்தார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தபால்காரர்கூட வாசலில் நின்று, "ஏனுங்க, கத்திரி சார் ஊடு இதுதானுங்களே?" என்றுதான் கேட்பார்.

குன்னத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தார். விடுமுறை கிடைத்தால் கோயம்புத்தூர் ஆய்வுக்கூடத்துக்கு பஸ் ஏறிவிடுவார். பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தார். அவரோடு சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கி, கல்யாணம் செய்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். இவர் மட்டும் அதே பையோடு அதே பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்.

என்ன ஆராய்ச்சி என்று கேட்பவர் கதி அதோகதி. குடிவந்த அன்றே நான் கேட்டுத் தொலைத்தேன். கையிலிருந்த சூட்கேஸைக் கீழே வைத்துவிட்டு, என் பனியனின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஐயா, மூளைச் செல்லுக்குள்ள நூலாட்டம் ஒண்ணு இருக்குதுங்க. மடங்கி, கொண்டை ஊசியாட்ட இருக்கும். கத்திரியாட்ட ஒரு புரோட்டீன் வந்து அதை வெட்டுமுங்க. வெட்டினா துண்டு விழுகும். அந்தத் துண்டுக்குப் பேரு மைக்ரோ ஆர்.என்.ஏ. அது சும்மா கெடக்குமுங்களா? 'வளரு, வளரு'ன்னு செல்லுக்குள்ள ஆர்டர் போயிட்டு இருக்குமல்லங்க, அது மேல போய் ஒட்டிக்கும். நம்ம கம்பெனிகள்ல சரக்கு வாங்கற பையரோட ஆளு வந்து அட்டைப்பெட்டி மேல 'ஹோல்டு' ஸ்டிக்கர் ஒட்டீட்டுப் போவாங்களே, அப்படி. ஆர்டர் நின்னு போச்சு. செல்லு கிளை விடாது."

"அடப் பாவமே" என்றேன்.

"பயப்படாதீங்க. லின்-28ன்னு ஒரு புரோட்டீன் இருக்குது. கத்திரி வர்றதுக்கு முன்னாலயே போய் அந்த நூல் மேல உக்காந்துக்கும். கத்திரி வந்து பாத்தா வெட்ட எடமில்ல. துண்டு விழாது, ஸ்டிக்கர் இல்ல, ஆர்டர் ஓடும், செல்லு கிளை கிளையா விட்டுட்டுப் போகும்!"

"அது என் மண்டைக்குள்ளும் இருக்கிறதா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க வயசுக்குக் கொஞ்சம் கம்மியாத்தானுங்க இருக்கும்."

அன்றிலிருந்து மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று மறந்துபோனால் லின்-28 மேல்தான் எனக்குச் சந்தேகம்.

அவருக்குக் கத்திரி சார் என்று பெயர் விழுந்தது என் மருமகனின் பனியன் கம்பெனியில். எங்கள் தெருக்கோடியில் அது இருக்கிறது. சின்ன யூனிட். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணக்கன். வீட்டில் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாததால் காலையில் அங்கே போய் உட்கார்ந்து அட்டைப்பெட்டிகளையாவது எண்ணுவேன். ஒருநாள் கத்திரி சாரும் கூட வந்தார். கட்டிங் மாஸ்டர் துணியை அடுக்கடுக்காக விரித்து, மிஷினை ஓட்டி வெட்டிக்கொண்டிருந்தார். கத்திரி சாருக்கு அதைப் பார்த்ததும் அருள் வந்துவிட்டது. பாய்ந்துபோய் மாஸ்டரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"ஐயா, பாருங்க! இவருதான் கத்திரி! நாந்தான் லின்-28!"

"நீங்க ஆரா வேணா இருந்துட்டுப் போங்க சார்! கையை விடுங்க, வெரலு போயிரும்!" என்று மாஸ்டர் அலறினார்.

விரல் தப்பியது. வெட்டிய அடுக்கில் மேலிருந்த எட்டுத் துணிகள் தப்பவில்லை. கத்திரி சார் இனிமேல் கட்டிங் பக்கம் காலெடுத்து வைக்கக் கூடாது என்று மருமகன் மிக மரியாதையாகச் சொன்னார்.

கல்யாண வீட்டிலும் இதே கதைதான். என் அக்கா பேத்தி கல்யாணத்தில் பந்தியில் பாயசம் விழுந்த நேரம். கத்திரி சார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் துள்ளி எழுந்தார்.

"செல்லுங்களுக்குச் சாப்பாடு மாத்தோணுமுங்க. கோயம்புத்தூர் போகோணும்."

பக்கத்து இலையிலிருந்த அம்மாள் பதறிப்போனார். "கொழந்தைகளைத் தனியா உட்டுட்டா வந்தீங்க சாமி? எத்தனை பேருங்க?"

"லட்சக்கணக்குல இருக்குதுங்க. ஒரு நேரம் தவறினாச் செத்துப்போயிருமுங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடி ஓடினார். அந்த அம்மாள் அதற்குப் பிறகு ஒரு வாய் சாப்பிடவில்லை. மோர் வரும்வரை என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். நான்தான் அவரைக் கூட்டி வந்தவனாம்.

இப்படிப்பட்டவர் ஒருநாள் ஒரு பை நிறையப் போட்டோக்களோடு என் முன் வந்து நின்றார். கறுப்புப் பின்னணியில் வெள்ளை வெள்ளையாய் மரங்கள் மாதிரி இருந்தன. எலியின் மூளைச் செல்கள். பாதிச் செல்களில் லின்-28 வழக்கம்போல இருக்கும். மீதிப் பாதியில் அதை இல்லாமல் செய்திருந்தார். ஒவ்வொரு செல்லுக்கும் எத்தனை கிளை என்று எண்ணவேண்டும். பின்பக்கம் ஓர் எண் மட்டும் இருக்கும். எந்த எண் எந்த வகை என்பது கோயம்புத்தூரில் அவருடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய கைடு அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

"நீங்களே எண்ணக்கூடாதா?"

"நான் எண்ணினா கண்ணு எண்ணாதுங்க ஐயா, ஆசைதான் எண்ணும். உங்களுக்கு இதுல ஆசையே கெடையாது. கவலை மட்டும்தான். அதான் வேணும்."

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போட்டோ மேலேயே பென்சிலால் கிளைக்கு ஒரு கோடு போட்டு, மூலையில் மொத்தத்தை எழுதவேண்டும். ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, இது அட்டைப்பெட்டி எண்ணுகிற மாதிரி இல்லை. ஒரு கிளையிலிருந்து இன்னொன்று புறப்படும். அதன் நுனியில் ஒன்று முளைத்திருக்கும், அல்லது முளைத்த மாதிரி இருக்கும். நான் மாடிப்படியடியில் நின்று கத்துவேன்.

"சார்! இது கிளையா, தூசியா?"

"என்னைக் கேக்காதீங்க!" என்று மேலிருந்து பதில் வரும். எட்டிப் பார்த்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிற்பார்.

பாதி எண்ணியிருப்பேன். இடது கண்ணில் புரை முற்றிவிட்டது, ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று கண் டாக்டர் பிடித்துக்கொண்டார். அதே வாரம் பல்கலைக்கழகத்திலிருந்தும் சேதி வந்தது: மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்கவேண்டும், இனி நீட்டிப்பு கிடையாது, தவறினால் பதிவே ரத்து. இத்தனை வருஷத்து பஸ் பயணமும் விட்டுப்போன பாயசமும் வீண் என்று அர்த்தம்.

கத்திரி சார் சோர்ந்து போகவில்லை. நேராக மருமகன் கம்பெனியில் தைத்த பனியன்களைச் சரிபார்க்கும் செக்கிங் செக்ஷனுக்குப் போனார். ஆர்டர் இல்லாத நேரம். மேசை மேசையாகப் பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி தங்கமணி. கையை வைத்தாலே துணியில் எங்கே ஓட்டை, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று சொல்கிறவர். கிளைகளை எண்ணவேண்டும் என்று சொல்லி மீதிப் போட்டோக்களை அவரிடம் கொடுத்தார்.

"எண்ணித்தானுங்க தரோணும்? அதுக்கென்னுங்க சார், சாயங்காலம் வாங்க" என்றார் தங்கமணி.

எனக்கு அதற்குள் ஆபரேஷன் முடிந்திருந்தது. கண்ணில் கட்டோடு சாயங்காலம் நானும் போனேன். மேசை மேல் போட்டோக்கள் டஜன் டஜனாக, மூலை நேர்பிடித்து, ரப்பர் பேண்டு போட்டு அடுக்கியிருந்தன. அழகோ அழகு. கத்திரி சார் முகம் மலர்ந்துவிட்டது. நான் கட்டுகளை எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.

"தங்கமணி, கொடுத்ததில் இது பாதிகூட இல்லையே?"

"அதெல்லாம் மிஸ்டேக்குங்க ஐயா. குட்டையாவும் கோணையாவும் இருந்துதுங்க. எண்ணலீங்க."

செக்கிங் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல பீஸ்களைத்தான் எண்ணுவார்கள். பழுதானது மேசைக்குக் கீழே போய்விடும், எண்ணிக்கையில் வராது. போட்டோவென்றாலும் பனியனென்றாலும் அந்தக் கைகளுக்கு ஒன்றுதான்.

"செரி, எண்ணாட்டிப் போச்சாதுங்க. அதெல்லாம் எங்கீங்க?" என்றார் கத்திரி சார். குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தார்.

"ரிஜெக்ட் மூட்டைல போட்டமுங்க. வேஸ்ட் வண்டிக்காரரு வந்து எடுத்துட்டுப் போயிட்டாருங்களே."

கத்திரி சார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மறுபடி பிரிண்ட் எடுத்து, மறுபடி எண்களைக் கலைத்துப் போட்டு எண்ண அவகாசம் இல்லை. தங்கமணிக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. மளமளவென்று முந்தானையைச் செருகிக்கொண்டு, "எந்திரிங்க சார், குடோன் எனக்குத் தெரியும்" என்றார்.

ஒரு பழைய மொபெட்டில் மூன்று பேர். கத்திரி சார் ஓட்டினார், நடுவில் ஒற்றைக் கண்ணோடு நான், பின்னால் தங்கமணி. "சார், லெஃப்ட்டுங்க! அது லெஃப்ட்டா சார்? மூளையப் பத்திப் படிச்சீங்களாமா!" என்று வழி நெடுகத் திட்டு. வழியில் நான் கும்பிட்ட கோயில்கள் ஏழு.

குடோனுக்குள் பனியன் வேஸ்ட் மலை மாதிரிக் குவிந்திருந்தது. பிரித்துக்கொண்டிருந்த பீகார்க்காரர் ஒருவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு போட்டோ ஒட்டியிருந்தது.

"மரம் போட்டோ நல்லா இருக்கு அண்ணா. காய்ஞ்ச மரம். எங்க ஊர்ல வெயில் வந்தா இப்படித்தான்" என்றார்.

கத்திரி சார் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மீதிப் போட்டோக்கள் மூட்டையோடு ஓரமாக இருந்தன. தரையில் பரப்பி எண்ணினேன். ஒன்றுகூடக் குறையவில்லை, சுவரில் இருந்ததையும் சேர்த்தால். அதைக் கொடுக்க அந்த மனிதருக்கு மனமே இல்லை. "இதைவிடப் பெரிய மரமா ஒண்ணு தர்றனுங்க" என்று கத்திரி சார் சத்தியம் செய்துதான் வாங்கவேண்டியிருந்தது. சத்தியத்தைப் பிறகு காப்பாற்றினார், கண்ணாடிச் சட்டம் போட்டு.

ஆனால் திரும்பும்போது எனக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. குட்டையும் கோணையுமானவை ஒரு மூட்டையாகச் சேர்ந்துவிட்டன. லின்-28 இல்லாத செல்கள்தான் அவை என்றால் சார் சொன்னது சரி. இரண்டு வகையும் சரிபாதியாகக் கலந்து கிடந்தால்? இத்தனை வருஷம் அவர் சொன்னது அத்தனையும் ரிஜெக்ட். அவருக்கும் அதே பயம்தான். சிக்னலில் நின்றபோது எனக்கு முன்னால் அவர் முதுகு விறைத்திருந்தது.

கைடு அம்மாவுக்குப் போன் போட்டார். நடந்ததைக் கேட்டு அவர் சிரித்தது எனக்கே கேட்டது. ஆனால் எது எந்த வகை என்று சொல்ல மறுத்துவிட்டார். "ரிஜெக்ட் ஆனதோட நம்பரை மட்டும் எனக்குத் தனியா எழுதி அனுப்பிட்டு, ரிஜெக்ட், நல்லது, எல்லாத்தையும் கலைச்சுப் போட்டு, ஒண்ணு விடாம எண்ணி அனுப்புங்க. அப்புறம் சொல்றேன்."

மறுநாள் காலை செக்கிங் மேசையில் மறுபடி எண்ணிக்கை.

"மிஸ்டேக் பீஸைப் போய் எதுக்குங்க சார் எண்ணிக்கிட்டு?" என்று தங்கமணி முணுமுணுத்தார்.

"எனக்கு மிஸ்டேக்குதாங்க தீஸிஸே!" என்றார் கத்திரி சார்.

மூன்று நாள் எண்ணினார்கள். இந்த முறை கோணலும் கணக்கில் வந்தது. நான் கண்ணில் கட்டோடு மேசைக்கு மேசை போய், கிளையா தூசியா என்று அவர்கள் என்னைக் கேட்கும்போதெல்லாம், "என்னைக் கேட்காதீர்கள்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கைடு அம்மா திரும்பக் கூப்பிட்டபோது கத்திரி சார் போனை எடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். தங்கமணிதான் பிடுங்கி, ஸ்பீக்கரில் போட்டார். யாரோ போய்த் தையல் மிஷின்களை நிறுத்தினார்கள்.

"நல்லா வந்திருக்குப்பா. லின்-28 இல்லாத செல்லுக்குக் கிளை ரொம்பக் கம்மி. அப்புறம் இன்னொண்ணு. சும்மா ஆசைக்குத்தான் பார்த்தேன், தீஸிஸ்ல போட முடியாது. அந்த ரிஜெக்ட் மூட்டைல இருந்தது அநேகமா எல்லாமே அதுங்கதான்."



"அதைத்தானுங்க நாங்க அன்னிக்கே ஓரங்கட்டிப் போட்டம்! நீங்கதான் வேஸ்ட் குடோன் வரைக்கும் போய்த் தூக்கிட்டு வந்தீங்க!" என்றார் தங்கமணி. மேசைகள் அத்தனையும் சிரித்தன. கத்திரி சார் சிரித்தபடியே திரும்பிக்கொண்டு, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். அவரைத் தொந்தரவு செய்யவேண்டாம் என்று நான் மின்விசிறிகளை எண்ணினேன்.

ஆய்வேடு மாதக் கடைசிக்கு ஒருநாள் முன்னதாகப் போய்ச் சேர்ந்தது. இப்போது அவர் முனைவர். பெங்களூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை. அங்கே கிளைகளைத் தானாக எண்ணும் சாஃப்ட்வேர் இருக்கிறதாம். கண்மூடித் திறப்பதற்குள் எண்ணிவிடுமாம். ஆனாலும் வாரம் ஒன்றாக எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செல் வந்துவிடுகிறது. "எத்தனைன்னு பாத்துச் சொல்லுங்க ஐயா."

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் போன் செய்து கேட்டேன். "அதுதான் மிஷின் எண்ணிவிடுகிறதே சார், நான் எதற்கு?"

"மிஷினு எண்ணுமுங்க ஐயா. கவலைப்படாதுங்களே" என்றார்.

இன்று காலையும் ஒன்று வந்திருக்கிறது. இருபத்திரண்டு என்று மூன்று முறை எண்ணிவிட்டேன். நுனியில் ஒன்று மட்டும் கிளையா தூசியா என்று தெரியவில்லை. மத்தியானம் வெளிச்சம் நன்றாக வந்ததும் இன்னொரு தரம் பார்த்துவிட்டு அனுப்பவேண்டும். பாவம், காத்துக்கொண்டிருப்பார்.