பலவீனம் இல்லாத சங்கம்

கண்டக்குழி,
தபசு காலத்து நாலாம் ஞாயிறு கழிந்த செவ்வாய்.

நேப்பிள்ஸ் நகரத்தில் குளிரோடும் கௌரவத்தோடும் வாழ்ந்துவரும் எங்கள் மீனவர் நலன்புரிச் சங்கத்தின் ஸ்தாபகத் தலைவர், மச்சான் பஸ்தியான் அவர்களுக்கு, மேற்படி சங்கத்தின் செயலாளரும் உங்கள் தங்கை இசபெல்லின் புருஷனுமாகிய றொபி மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொள்வது.

தலவில அன்னம்மாள் புண்ணியத்தில் இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம். மனசுகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வாட்சப்பில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். வாட்சப்பில் நான் கதைத்தால் இசபெல் பக்கத்தில் இருந்து வசனத்துக்கு வசனம் திருத்துவா. கடிதமென்றால் எழுதி முடியும் வரையாவது பொறுத்திருப்பா.

விஷயம் இதுதான். சங்கத்தின் மீட்பு வள்ளத்து எஞ்சின் வயது முதிர்ந்து காலமானது உங்களுக்குத் தெரியும். போன வருஷம் சோளகக் காற்றில் றொமேஷும் அவன் தம்பியும் கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கரைக்குத் தெரிகிற தூரத்தில் ஒன்றரை மணித்தியாலம் கிடந்தார்கள். நாங்கள் கரையில் நின்று எஞ்சின் கயிற்றை இழுத்தோம், இழுத்தோம், அது இருமவும் இல்லை. பக்கத்து ஊர் மாம்புரிப் பொடியன்மார் வந்துதான் தூக்கினார்கள். இந்த வருஷமும் சோளகம் வரும், எங்களைக் கேட்டுக்கொண்டு வராது. அதனால் புத்தளத்து உதவி நிறுவனம் ஒன்றுக்கு எஞ்சின் கேட்டு எழுதினேன். தருகிறோம், அதற்கு முதல் சங்கத்தின் பலம் என்ன, பலவீனம் என்ன என்று மதிப்பீடு செய்ய ஓர் உத்தியோகத்தரை அனுப்புகிறோம் என்றார்கள். வந்தது ஃபஹ்மியா என்ற பிள்ளை. இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஒரு பெரிய தாளில் கோடு கீறி, ஒரு பக்கம் பலம், மறுபக்கம் பலவீனம் என்று தலைப்புப் போட்டு, "அங்கிள், எல்லாரையும் ஒண்டா வெச்சிக் கேட்டா ஒருத்தரும் வாய் தொறக்க மாட்டாங்க. மறைவா ஒரு எடம் வேணும். ஒவ்வொருத்தரா வரட்டும்" என்றது.

மச்சான், இனி வரப்போகிற பிழைக்கு என் நல்ல மனசுதான் காரணம். சங்க மண்டபத்துத் தகரம் போன மழையோடு போய்விட்டது. ஆகவே கோயிலுக்குப் பக்கத்து அறையைக் கேட்டு வாங்கினேன். மறைவு வேண்டுமென்றதால் இரண்டு கதிரைக்கும் நடுவில் கட்ட ஒரு துணி தேடினேன். தபசு காலம், சுரூபங்களை மூடுகிற ஊதாத் துணியில் ஒரு துண்டு மிஞ்சிக் கிடந்தது. அதை எடுத்துக் கட்டினேன். ஞாயிறு செபம் முடிய ஒலிபெருக்கியில், "ஒளிக்காமல் சொல்லுங்கள், சொன்னது வெளியில் வராது" என்று அறிவித்ததும் நான்தான். நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு ஃபாதருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை, திரைக்கு இந்தப் பக்கம் முழங்காலில் நின்று பாவத்தைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனம் மூன்று மாதமாய் ஊரில் ஒருவருக்கும் கிடையாது என்பது என் மண்டையில் ஏறவேயில்லை.

முதலில் போனது எங்கள் பொருளாளர் அஜித்தா, ஆசிரியர் பயிற்சி முடித்தவ, விஷயம் விளங்கினவ. அவவே போனவுடன் முழங்காலில் நின்றுவிட்டா. பிறகு கேட்டதற்கு, "நான் என்ன செய்ய றொபி அண்ணை? துணியக் கண்டதும் கால் தானா மடங்கிட்டு. மடங்கின பிறகு வாயும் தானா திறந்திட்டு" என்றா. நான் ஒட்டுக் கேட்கவில்லை மச்சான். வரவுப் பதிவுப் புத்தகத்தோடு யன்னலுக்கு வெளியே இருந்தேன். காது என்னுடையது, ஆனால் காற்று கடற்பக்கமிருந்து அறைக்குள் புகுந்து என் பக்கமாக வந்தது. அடுத்ததாகப் போன சவிரி அண்ணன், றொமேஷின் வலையில் இரண்டு தரம் மீன் கழற்றின கதையைச் சொல்லி அழ, அந்தப் பிள்ளை பதறிப்போய், அவர்கள் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற முறையில்,

"நானா, நான் கேட்டது சங்கத்துட கொறை."

"அதுக்குத்தான் வாறன் தங்கச்சி. முதல்ல இதுக்கு ஒரு பரிகாரம் சொல்லுங்க."

"யா அல்லாஹ்! எனக்கு அப்பிடியெல்லாம் சொல்ல ஏலாது நானா. மனசுக்குக் கஷ்டமா ஈந்தா அவருக்கிட்டயே போய்ச் சொல்லுங்களேன்."

இதைவிடப் பெரிய பரிகாரத்தை எந்தக் குருவானவரும் இதுவரை கொடுத்ததில்லை. ஃபாதர் என்றால் மூன்று அருள்நிறை மரியே செபத்தோடு விட்டிருப்பார். சவிரி அண்ணன் நேரே றொமேஷிடம் போனார். றொமேஷ் சட்டையைப் பிடித்தான், பிறகு விட்டான், பிறகு "நானும் உங்கட நங்கூரத்த ஒருக்கா எடுத்தனான்" என்று தலையைச் சொறிந்தான். வரிசையில் நின்ற மிச்சம் இருபத்தைந்து பேரும் இதைப் பார்த்துவிட்டு ஒன்பது மணிக்குத் தொடங்கின மதிப்பீட்டை மூன்று மணி வரைக்கும் இழுத்தார்கள். ஃபஹ்மியா தேத்தண்ணி குடிக்கவும் எழும்பவில்லை. ஊரில் அன்றைக்கு ஆறு சண்டை, ஒன்பது சமாதானம். இரண்டு குடும்பம் வேலியைத் தள்ளிப் போட்டது, ஒன்று முன்னுக்கு, ஒன்று பின்னுக்கு.

கடைசியாக நான் போனேன். நான் முழங்காலில் நிற்கவில்லை, கதிரையில் கால்மேல் கால் போட்டிருந்து சங்கத்தின் பலங்களை மூன்று பக்கத்துக்குச் சொன்னேன். செயலாளரின் கையெழுத்து அழகையும் எட்டாவது பலமாகச் சேர்க்கச் சொன்னேன். பிள்ளை பேனையை மூடிவிட்டுத் தாளைக் காட்டியது. பலம் நிரம்பி வழிகிறது, பலவீனத்துப் பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது.

"அங்கிள், இதக் கொண்டுபோனா எங்கட ஆபீஸ்ல நம்ப மாட்டாங்க. ஒரு கொறையும் இல்லாத சங்கம் ஒலகத்துல இல்ல. ஒளிக்கிறாங்க எண்டுதான் எடுப்பாங்க. எஞ்சின் கெடைக்காது."

"இருபத்தேழு பேர் சொன்னாங்களே, பிள்ளை?"

"அது அவங்கட கொறை. அது எனக்கும் மேல ஈக்குறவனுக்கும் மட்டுந்தான். நீங்க செயலாளர், சங்கத்துட எஞ்சின் எப்பிடிப் பழுதாகின எண்டு நீங்க சொல்லுங்களேன்."

"வயசு" என்றேன். பிள்ளை பேனையைத் திறக்கவில்லை, என்னையே பார்த்தது. வயது பலவீனத்தில் சேராதாம்.

ஆகையினால் மச்சான், உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. ஸ்தாபகத் தலைவர் என்ற முறையில் அந்த அலுவலகத்துக்கு பெரிய வெள்ளிக்கு முதல் தொலைபேசி எடுத்து, கண்ணியமான பலவீனம் இரண்டு மூன்று சொல்லுங்கள். அங்கத்தவர்கள் அளவுக்கு மிஞ்சி உழைக்கிறார்கள், கூட்டத்துக்குக் குறித்த நேரத்துக்கு முந்தியே வந்து கதவைத் தட்டுகிறார்கள், ஆளுக்காள் விட்டுக்கொடுப்பதால் தீர்மானம் எடுக்கப் பிந்துகிறது, இந்த மாதிரி. செயலாளரின் அடக்கத்தையும் ஒரு குறையாகச் சொல்லலாம், நான் கோபிக்க மாட்டேன். எஞ்சின் முதுமையால்தான் போனது என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். நீங்கள் ஆறு வருஷமாக இங்கே இல்லை என்பதால் உங்கள் சாட்சியத்தில் பக்கச்சார்பு இராது.

அக்காவுக்கும் மருமக்களுக்கும் எங்கள் எல்லோருடைய அன்பு. இத்தாலிக் குளிர் உங்கள் மூட்டுக்குள் இறங்காமலும், நீங்கள் எங்களை மறக்காமலும் ஆண்டவர் பார்த்துக்கொள்வாராக.

இப்படிக்கு,
பணிவுள்ள மச்சான்,
றொபி (செயலாளர்)

பி.கு.: தொலைபேசி எடுக்க வேண்டாம். கடிதத்தை ஒட்ட முதல் இசபெல் வாசித்தா. "முதுமையால்" என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி, "றொமேஷின்ட தாய் அண்டைக்குக் கரையில எனக்குப் பக்கத்திலதான் நிண்டவ" என்றா. இரவுச் சாப்பாடு வழமைபோல் வந்தது. காலையில் நான் புத்தளம் பஸ்ஸில் இருந்தேன். ஃபஹ்மியாவின் மேசைக்கு முன்னால் ஊதாத் துணி ஒன்றும் இல்லை, பட்டப்பகல் வெளிச்சத்தில் முகத்துக்கு முகம் பார்த்துச் சொன்னேன்: போன வருஷம் மாசி பங்குனியில் பதினொரு நாள், சங்கத்து மீட்பு வள்ளத்தில் லொட்ஜ் வெள்ளைக்காரர்களை ஏற்றி, அவர்கள் டொல்பின் என்கிற ஓங்கிலைக் காட்டப் போனேன். அவர்கள் என்னைக் கப்டன் என்று கூப்பிட்டார்கள் மச்சான், வீட்டில் ஒருவரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கடைசி நாள் கரையேறும்போது மணலில் ஓட்டி, எஞ்சின் சூடாறத் தண்ணீர் இழுக்கிற துவாரம் அடைத்து, அது எரிந்து மணத்தது. துடைத்து மூடி வைத்துவிட்டு வாயையும் மூடிக்கொண்டேன். பிள்ளை பேனையைத் திறந்து எழுதியது. "வள்ளத்துக்குப் பொறுப்பு ஒரே ஆள், கேட்பதற்கு ஒருவரும் இல்லை." அவ்வளவுதான் மச்சான், ஒன்றரை வரி. "இதத்தான் அங்கிள் நான் ஒரு நாள் முழுக்கத் தேடின" என்றது. எஞ்சின் சித்திரை முடிய முதல் வரும். நிபந்தனை: எஞ்சின் பூட்டுச் சாவி இசபெல்லிடம் இருக்க வேண்டும். நேற்று சாவி வாங்கி ஓடி ஒத்திகை பார்த்தோம். வீட்டிலிருந்து கரைக்கு ஏழு நிமிஷம். அதில் நாலு நிமிஷம், எதற்கு என்று அவ கேட்பதற்கு.