முதல் சோற்றில் விழுந்த உப்பு

சமையல் இனிமேல் என் பொறுப்பு என்று நானே வாயைக் கொடுத்தேன்.

புது வீட்டுக்கு வந்து நாலு நாள். தென்பசார் நகரத்தில் பதினொரு வருஷம் ஒற்றை அறையில் குடித்தனம். இப்போதுதான் சொந்தமாக ஒரு முற்றம், மூலையில் சாமி மாடம், தெற்கே சமையலறை. இன்னும் ஐந்து நாளில் பூசாரி வந்து வீட்டுக்குப் பூஜை செய்கிறார். அதற்குள் என் மனைவி ரஸ்மினி தென்னங்குருத்தில் முந்நூறு பூத்தட்டு பின்ன வேண்டும். நான் வாசல் கதவில் ஒரு பறவையைச் செதுக்கி முடிக்க வேண்டும். பறவைக்கு ஒரு சிறகுதான் ஆகியிருந்தது.

“பிளி... பிளி...” என்றாள். எங்கள் ஊரில் பெண்டாட்டி புருஷனை ‘அண்ணா’ என்று கூப்பிடும் சொல் அது. ஒரு தடவை கூப்பிட்டால் பாசம். இரண்டு தடவை கூப்பிட்டால் வேலை.

“எனக்கு ரெண்டு கைதான் இருக்கு. பின்னவா, சமைக்கவா?”

“நீ பின்னு. நான் சமைக்கறேன்.”

“நீங்களா?”

“கோயில் விருந்துல இருநூறு பேருக்குச் சமைச்சவன்டி நான்!”

“அதான் கேக்கறேன். வீட்டுல ரெண்டு பேருக்கு வெந்நிகூட வச்சதில்லையே.”

என் திட்டம் எளிது. முதல் நாளே சோற்றில் இரண்டு கைப்பிடி உப்பு. ஒரு வாய் வைப்பாள், துப்புவாள், கரண்டியைப் பிடுங்கிக்கொள்வாள். நான் உளியோடு வாசலுக்குப் போய்விடலாம். உப்புச்சப்பில்லாத யோசனை என்று யாரும் சொல்ல முடியாது.

போட்டேன். சோறு வேகட்டும் என்று வாசல் கதவுக்குப் போய்விட்டேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். எங்கள் வீடுகளில் வடித்த சோறு முதலில் சாமிக்கு. அதற்கு முன் ருசிகூடப் பார்க்கக் கூடாது. நான் திரும்பி வருவதற்குள் ரஸ்மினி வாழையிலைத் துண்டுகளில் சோறு வைத்து, அடுப்புக்கு ஒன்று, குழாயடிக்கு ஒன்று, மாடத்துக்கு ஒன்று என்று படைத்துவிட்டாள்.

புது வீட்டில் சாமிக்கு என் கையால் முதல் சாப்பாடு, அதுவும் உப்புக் கரிக்கும் சாப்பாடு. வீடு உருப்படுமா?

மாடத்தின் முன் விழுந்தேன்.

“சாமி! வேணும்னேதான் போட்டேன். இந்த வீட்டை ஒண்ணும் பண்ணிடாதே. இங்க இருக்கற வரைக்கும் தெனமும் நானே ஒழுங்கா சமைச்சு உனக்கு வைக்கறேன்!”

“பிளி... பிளி...”

பின்னால் ரஸ்மினி. கையில் பாதி பின்னிய பூத்தட்டு.

“எந்திரிங்க. அது உங்க சோறு இல்ல. நேத்து நெறைச்ச உப்பு ஜாடி இன்னிக்குக் காலி. பாத்ததுமே சின்னப் பானையில தனியா வடிச்சுட்டேன். சாமிக்கு அதைத்தான் வச்சேன்.”

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. வீடு பிழைத்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதுவிட்டேன். இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்குக் கிடைப்பாள்? அழுது முடித்த பிறகுதான் மூளை வேலை செய்தது.

“அப்போ அந்த வேண்டுதல் செல்லாதுல்ல? சாமிக்குத்தான் உப்பு போகவே இல்லையே?”

“அதை என்னைக் கேட்டா? சாமிகிட்ட சொன்னீங்க, சாமியும் கேட்டாச்சு. நான் நடுவுல வர முடியுமா?”

“சரி, இப்போ பசிக்குது.”

“சின்னப் பானையில மிச்சம் எனக்கு. பெரிய பானை உங்களுக்கு.”

மூன்று வருஷம் ஆகிறது. வாசல் கதவில் பறவைக்கு இன்னும் ஒரே சிறகுதான்.