மோகனராஜ் அதிகாலையில் எழுந்ததே இல்லை

குண்டசாலை.

பழைய மாணவர் சங்க இதழின் மதிப்புக்குரிய ஆசிரியை தர்ஷிகா அவர்களுக்கு,

தாங்களும் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இக்கடிதத்தை முடிக்கும்போதும் இதே மனநிலையில் இருக்க முயல்வேன்.

மறைந்த பட்டதாரிகளை நினைவுகூரும் பக்கத்தில், கெலிஓயா மோகனராஜைப் பற்றிய குறிப்பை வாசித்தேன். பேராதனைப் பல்கலைக்கழக விடுதியில் நான்கு வருடம் அவனோடு ஒரே அறையில் இருந்தவன் நான். "அதிகாலையில் எழுந்து நூலகம் செல்பவர்" என்று போட்டிருக்கிறீர்கள். அவன் நூலகத்துக்குள் போனதை ஒரு தடவைதான் பார்த்தேன். அன்று நல்ல மழை, எங்களிடம் குடை இல்லை. "எளிய உணவில் திருப்தி கண்டவர்" என்கிறீர்கள். அறைக்குள் களவாக ஹீட்டர் வைத்து முட்டை அவிக்கப்போய் விடுதி முழுவதையும் இருட்டாக்கியவன் அவன். வோர்டன் டோர்ச்சோடு வந்தபோது சுடுமுட்டை என் கையில் இருந்தது, அவன் போர்வைக்குள் குறட்டை விட்டான். "அதிர்ந்து பேசாதவர்" என்பதை வாசித்து என் மனைவியே சிரித்துவிட்டாள், அவன் சிரித்தால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்.

"யாரையும் ஏமாற்ற அறியாதவர்" என்ற வரியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை, தர்ஷிகா மகள். முதல் கிழமையே, டை கட்டாமல் சாப்பாட்டு மண்டபத்துக்குள் விடமாட்டார்கள் என்று சொல்லி, தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த என்னை டை கட்டிச் சோறு தின்ன வைத்தவன். போன வருடம்கூட, உங்களிடம் மட்டும் சொல்கிறேன், அச்சில் வேண்டாம், காலையிலேயே போன் எடுத்து, "டேய் கறுப்பையா, கண்டி வாவியில முதல வந்திருக்குடா, சீக்கிரம் வா" என்றான். எழுபது தாண்டிய நானும் பஸ் ஏறிப்போய் வாவிக்கரையில் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் வந்து தோளைத் தட்டினான். "சும்மா கூப்பிட்டா நீ வரமாட்டியே. வா, டீ குடிப்போம்." தன் நோயைப் பற்றி டொக்டர் சொன்ன மறுநாள் அது என்று எனக்குப் பிறகுதான் தெரியும்.

என் அப்பா இறந்த செய்தி வந்தபோது, பரீட்சையை விட்டுவிட்டு என்னோடு தோட்டத்துக்கு வந்து பாடைக்குத் தோள் கொடுத்தவன். அதைப்பற்றி ஒரு வரி இல்லை. யாரோ ஒரு நல்ல மனிதர் செத்துவிட்டார் என்று உங்கள் குறிப்பு சொல்கிறது. செத்துப்போனது என் மோகனராஜ்.

அடுத்த இதழில் திருத்தம் வராவிட்டால் சங்கத்திலிருந்து விலகிவிடுவேன். முருகன் தங்களுக்கு நீண்ட ஆயுளும், ஆள் மாறாத ஞாபகமும் தரட்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த
கறுப்பையா
(ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பி.கு.: உறையை ஒட்டும் முன், அவன் மனைவி அழகம்மாவுக்குப் போன் எடுத்து, இப்படி எழுதியிருக்கிறேன் தங்கச்சி என்று வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "அண்ணே, அத எழுதினதே அவருதான். ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்து சிரிச்சிச் சிரிச்சி எழுதினாரு. 'நான் போன பொறகு சங்கத்துக்கு அனுப்பு. கறுப்பையாவுக்குக் கோவம் வந்தா உள்ளதெல்லாம் எழுதிப்புடுவான், எனக்கு அதுதான் வேணும்'னு சொன்னாரு."

செத்த பிறகும் என்னை ஏமாற்றிவிட்டான். அழுகையும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. உங்களைக் கோபித்துக்கொண்டதை மன்னியுங்கள், மகள். நான் எங்கும் விலகவில்லை. மேலே உள்ளதை அப்படியே போடுங்கள். முதலையும் இருக்கட்டும்.