கோட்டோடு வந்த தாத்தா

உல்லாசக் கப்பலுக்கு டிக்கெட் கிடைத்த மறுநாளே பழந்துணிக் கடைக்கு ஓடுகிற ஓர் இனம் உண்டு. பழையதை வாங்கி உடுத்துவதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. ஆனால் இந்த இனத்தார் துணியோடு விடமாட்டார்கள். கூடவே ஒரு தாத்தாவையும் வாங்கி வருவார்கள்.

எங்கள் தெருவில் தரை ஓடு விற்பவர் ஒருவர் இருக்கிறார். கடையில் நாள் முழுக்க முழங்கால் கிழிந்த கால்சட்டைதான். கப்பலில் கால் வைத்துவிட்டாலோ, பொழுது சாயுமுன்பே குளித்து, பூச்சியுருண்டை நாற்றத்தை மறைக்கச் சென்ட்டும் சென்ட்டை மறைக்கப் பவுடரும் பூசி, தோளில் தொங்குவதை ஊக்காலும் தொந்தியில் பிதுங்குவதை மூச்சாலும் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டுக் கூடத்துப் படிகளில் மாப்பிள்ளை மாதிரி இறங்குவார். யாராவது பார்த்தால் போதும். பார்க்காவிட்டாலும் போதும்.

“எங்க தாத்தாவோடது.”

கை நீண்ட சட்டை நெட்டைத் தாத்தாவுடையது. இடுப்பில் நிற்காத கால்சட்டை குண்டுத் தாத்தாவுடையது. விரலைக் கடிக்கிற ஷூ, பாவம், குள்ளத் தாத்தாவுடையது. ஆளுக்கு இரண்டு தாத்தா போதும் என்றுதான் ஆண்டவன் நினைத்தான்; பழந்துணிக் கடைக்காரன் அப்படி நினைக்கவில்லை.

“என்னங்க, இந்தத் தாத்தாவுக்கு அக்குள்ல தையல் விட்டிருக்கு. கையைத் தூக்கித் தொலைக்காதீங்க” என்பார் மனைவி.

ஓட்டுக்கடைக்காரரின் ஆசையெல்லாம் ஒன்றே ஒன்றுதான். பயணத்தின் கடைசி விருந்தில் கேப்டன் தன் மேசைக்குச் சிலரை அழைப்பார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு போட்டோ. அதைக் கடைச் சுவரில் மாட்டினால் எதிர்க்கடைக்காரன் வயிறு எரிய வேண்டும். அழைப்பும் வந்துவிட்டது! எடுத்தார், அக்குள் தையல் விட்ட அந்த வெள்ளைக் கோட்டை. தங்கப் பொத்தான், பொத்தானுக்குப் பொத்தான் நங்கூரம்.

கூடத்துக்குள் நுழைந்ததும் ஒரு குரல்: “ஏம்ப்பா, தண்ணி!”

“நானும் சாப்பிட வந்தவன்தாங்க.”

“அப்புறமா சாப்பிடு. முதல்ல சூப்பக் கொண்டா.”

யாரோ அவசரத்தில் ஒரு தட்டைக் கையில் திணித்தார்கள். நிறைய சூப்புக் கிண்ணங்கள். கீழே வைக்க இடமில்லை. கையைத் தூக்கவோ வழியில்லை. மேசை மேசையாகக் கொடுத்துக்கொண்டே போனார். அப்படித்தான் கேப்டன் மேசையை அடைந்தார், கடைசிக் கிண்ணத்தோடு.

கேப்டன் பொத்தானை உற்றுப் பார்த்தார். “அட! இது நம்ம கப்பல்ல அந்தக் காலத்துல பரிமாறினவங்க போட்ட கோட்டாச்சே! உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?”

மேசையில் இருந்த அத்தனை காதுகளும் திரும்பின. பழந்துணிக் கடையா, பரிமாறின தாத்தாவா? வழக்கமான வாயே முந்திக்கொண்டது.

“எங்க தாத்தாவோடது.”

கேப்டன் துள்ளி எழுந்தார். “அப்போ நீங்க நம்ம குடும்பம்!” என்று கட்டிப்பிடித்தார். அக்குள் தையல் ‘டர்’ரென்று வழிவிட்டது. தட்டும் கையுமாகப் பக்கத்தில் நிறுத்தி, போட்டோவும் எடுத்தார்கள்.

மனைவி காதோரம் சொன்னார்: “போகட்டும் விடுங்க. இத்தனை தாத்தாவுல ஒருத்தராவது வேலைக்குப் போயிருக்காரே!”

போட்டோ இப்போது கடைச் சுவரில் தொங்குகிறது. எதிர்க்கடைக்காரர் வந்து பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அக்கறையாகக் கேட்டார்: “ஓடு வியாபாரம் அவ்வளவு மோசமாவா போகுது?”

சிரித்தது போதும். உங்கள் அலமாரியைக் கொஞ்சம் திறங்கள். அந்த முத்து வைத்த கைப்பை, போன வாரம் கல்யாண வீட்டில் எல்லாரிடமும் “எங்க பாட்டியோடது” என்றீர்களே, அந்தப் பாட்டிக்கு ஒரு பெயராவது வைத்துவிட்டீர்களா?