கொய்ங் இல்லாத ஸ்பீக்கர்

"கேக்குதா?" என்றான் ஸ்டீவன், ஸ்பீக்கர்மேல் காதை ஒட்டவைத்துக்கொண்டு.

"எது?" என்றாள் ஷைனி, அரிவாள்மணையை விட்டு எழுந்திருக்காமலே.

"கொய்ங்குனு ஒரு சத்தம். பாட்டை நிறுத்துனா வருது பாரு."

ஷைனி எழுந்து வந்து காதை வைத்தாள். "ஒண்ணும் வர்லயே."

"உனுக்குக் காது மந்தம். குக்கர் விசில எண்ணியே போச்சு."

ஷைனி அரிவாள்மணைக்கே திரும்பினாள். புதுச் சாமான் வீட்டுக்கு வந்த நாளில் புருஷனோடு மல்லுக்கட்டினால் அது விளங்காது என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறாள்.

சாமான் என்றால் லேசுப்பட்ட சாமானா? சக்கரம் வைத்த பேட்டரி ஸ்பீக்கர். ஒரு தடவை சார்ஜ் போட்டால் எட்டு மணி நேரம் கரண்டே வேண்டாம். கும்மிடிப்பூண்டியில் ரயிலில் ஏற்றினால் மீஞ்சூரில் இறக்கி, மண்டபம்வரை இழுத்துக்கொண்டே போய்விடலாம். அந்த மண்டபத்துக்காரர் ராஜமாணிக்கம், ஞாயிற்றுக்கிழமை ரிசப்ஷனுக்குப் பாட்டுப் போட ஸ்டீவனைக் கூப்பிட்டிருந்தார். "நல்லா பண்ணிட்டன்னா, இனிமே என் மண்டபத்துல எல்லா ஃபங்ஷனுக்கும் நீதான் டிஜே" என்று வாக்கும் கொடுத்திருந்தார்.

அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் ஸ்டீவன் நின்றான். பதினொரு வருஷமாக அவனுக்குத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில், ஹேமர் ஷாப்பில் வேலை. பழுக்கக் காய்ச்சிய இரும்பை ராட்சசச் சுத்தி ஒன்று நாள் முழுக்க அடிக்கும். காதில் அடைத்துக்கொள்ள ரப்பர் கொடுப்பார்கள். அதை அடைத்தால் "கையெடு" என்று பக்கத்திலிருப்பவன் கத்துவது கேட்காது, கேட்காவிட்டால் விரல் போகும் என்று எல்லோரும் அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பார்கள். அப்படியும் இரண்டு பேருக்கு விரல் போனது. ஒருவன் ஆளே போய்விட்டான். அடுத்தது யார் என்று அங்கே யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. அந்த இடத்தை விட்டு முழுசாக வெளியே வர ஸ்டீவனுக்கு இருந்த ஒரே வழி இந்த ஸ்பீக்கர். பாவி, அதிலா கொய்ங்?

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஸ்பீக்கரை இழுத்துக்கொண்டு கம்பெனிக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்குப் போனான். லாரிச் சத்தம் வராத பின்பக்கத்தில், கூட வேலை செய்யும் கலியனையும் ஜோசப்பையும் உட்காரவைத்தான். கலியன் ஹேமர் ஷாப்பில் இருபத்தேழு வருஷம். சத்தத்தோடேயே குடும்பம் நடத்துகிற மனுஷனுக்குச் சத்தத்தைப் பற்றித் தெரியாததா?

கலியன் காதை வைத்தார். கண்ணை மூடினார். முகம் மாறிவிட்டது.

"வருதுடா நைனா. கொய்ங்குனு நல்லாவே வருது."

ஜோசப்பும் வைத்துப் பார்த்தான். "ஆமா மச்சி. பேஜாரு சவுண்டு இது. இத்தப் போட்டா மாப்ளையும் பொண்ணும் மேடைய உட்டே ஓடிருவாங்க."

டீ மாஸ்டர் எட்டிப் பார்த்துத் தானும் குனிந்தார். "எனுக்கு ஒண்ணும் கேக்கலியேப்பா."

"நீ போயி டீய ஆத்து," என்றார் கலியன்.

கலியனும் ஜோசப்பும் சொன்ன பிறகு என்ன யோசனை? பஜாரில் ஸ்பீக்கர் வாங்கிய கடைக்கு நேராகப் போனான் ஸ்டீவன். கடையைப் பார்த்துக்கொள்ளும் ஜோதிலட்சுமி பாட்டுப் போட்டாள், நிறுத்தினாள், கேட்டாள். "நல்லாத்தானேண்ணா கீது?"

"உனுக்கு அனுபவம் பத்தாதும்மா. வேற குடு."

அவள் முணுமுணுத்துக்கொண்டே வேறு கொடுத்தாள். இரண்டு பெரிய பெட்டி, தனியாக ஆம்ப்ளிஃபையர். பேட்டரி கிடையாது, சக்கரம் கிடையாது. ஒரு பெட்டியைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். ரயிலில் கொண்டுபோகிற யோசனை அத்தோடு போனது. வீட்டுக்கு வந்து போட்டான். பாட்டு அதிர்ந்தது. நிறுத்தினான்.

கொய்ங்.

ஸ்டீவனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஸ்விட்சை அணைத்துவிட்டுப் படுத்தால் அந்தச் சனியன் சத்தம் காதுக்குள்ளேயே நின்றது. பிடித்த பாட்டு மனசில் ஓடுகிற மாதிரி, பிடிக்காத சத்தமும் ஓடுமாக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை விடிந்ததும் கலியன் கடப்பாரையோடு, ஜோசப்பையும் கூட்டிக்கொண்டு வந்தார். "இது எர்த்து கோளாறுடா. பள்ளம் தோண்டி, கரி, உப்பு கொட்டி கம்பிய எறக்குனா கப்சிப்புனு ஆயிரும்."

வீட்டுக்குப் பின்னால் நான்காவது குத்தில் பூமிக்குள்ளிருந்து தண்ணீர் பீறிட்டது. அந்த வரிசையில் இருந்த எட்டு வீட்டுக்கும் போகிற குழாய். பக்கத்து வீட்டு ஞானம்மா காலிக் குடத்தோடு வந்து நின்று, ஸ்டீவன் குடும்பத்தை ஏழு தலைமுறைக்கு விசாரித்தாள். ஷைனி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கலியன் மட்டும் அசரவில்லை. சேற்றோடு சேறாகக் கம்பியை இறக்கினார். மூன்று பேரும் கேட்டார்கள். கொய்ங் அப்படியே இருந்தது.

"கீச்சுச் சத்தம் பூரா மேல கீற சின்ன ஸ்பீக்கர்லேர்ந்துதான் மச்சி வரும்," என்றான் ஜோசப். "அத்தக் கட் பண்ணிட்டா?"

கட் பண்ணினார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிற கதை அவ்வளவு சுலபமாக நடந்தது. கொய்ங் போகவில்லை, பாட்டுதான் இப்போது போர்வைக்குள்ளிருந்து வந்தது. ஆனாலும் வேறு வழியில்லாமல், அதையே மினி லாரியில் ஏற்றிக்கொண்டு மத்தியானம் மீஞ்சூருக்குப் போனான் ஸ்டீவன். போகிற வழியில் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரமாட்டேன் என்றும் சொல்லித் தொலைத்தான். பின்வாங்க இடம் வைத்தால் ஜெயிக்க முடியாது என்று ஜோசப் சொல்லியிருந்தான். சொன்ன ஜோசப் என்னவோ வேலையை விடவில்லை.

மண்டபத்தில் ராஜமாணிக்கம் ஒரு பாட்டு முழுசாகக் கேட்கவில்லை.

"இன்னாப்பா இது? கல்யாணத்துக்குப் பாட்டுப் போடச் சொன்னா, கெணத்துல உயுந்தவன் கூப்புட்ற மாதிரி கீது!"

"சார், கொய்ங்குனு ஒரு சத்தம் வருதா சார்?"

"அது ஒண்ணுதான் வர்ல."

வயசானவர், காது போயிருக்கும் என்று ஸ்டீவன் பரிதாபப்பட்டான்.

"நாளைக்குப் பத்து மணிக்குள்ள நல்ல பொட்டியோட வந்தா வா," என்றார் ராஜமாணிக்கம். "இல்லாங்காட்டி பொதட்டூர்பேட்டைலேர்ந்து ஒருத்தன் வர்றேன்னு சொல்லிக்கிறான். அவன வெச்சுப்பேன். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்காத."

ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கும்போதே மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். ஒயர் அறுத்த பெட்டிகளைப் பார்த்து ஜோதிலட்சுமி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அண்ணா, இத்த எப்டிண்ணா நான் திரும்ப வாங்கிக்கிறது?"

"தாயே, அத்த அப்புறம் பேசிக்கலாம்," என்றான் ஸ்டீவன். "கொய்ங் இல்லாத ஸ்பீக்கர் ஒண்ணே ஒண்ணு காட்டு. என் பொழப்பே அதுல கீது. திரும்பவும் அந்தச் சுத்திகிட்ட என்ன அனுப்பாத."

அவளுக்கு மனசு கேட்கவில்லை. கடையிலிருந்த ஸ்பீக்கர்களை எல்லாம் வரிசையாக ஓடவிட்டுக் காட்டினாள். கலியன் மேற்பார்வை பார்த்தார். "ஃபேன நிறுத்தும்மா. ஷட்டர எறக்கு. பாட்ட ஆஃப் பண்ணு. இப்பதான் உண்ம தெரியும்."

கடை அப்படியே அடங்கிப்போனது. ஸ்டீவன் ஒவ்வொரு பெட்டியாகக் காதை வைத்துக்கொண்டு போனான். "இதுலயும் வருது." அடுத்தது. "இதுலயும்." பின்னாலேயே கலியனும் ஜோசப்பும் குனிந்து நிமிர்ந்து தலையாட்டிக்கொண்டு வந்தார்கள். மணி ஒன்பதே கால். கடைசியில் மூலையில், மற்றதிலிருந்து தள்ளி, கறுப்பாக ஒரு பெரிய பெட்டி தனியாக இருந்தது. ஸ்டீவன் சிலுவை போட்டுக்கொண்டு அதைக் கட்டிப்பிடித்துக் காதை வைத்தான்.

அவன் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச ரத்தமும் வடிந்தது. "அண்ணே, நீ கேளு."

கலியன் கேட்டார். "இதுலதான்டா எல்லாத்தையும் உட ஜாஸ்தி."

ஜோசப் கேட்டான். "காதே கிழியுது மச்சி."

ஜோதிலட்சுமி மூன்று பேரையும் ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்தாள். ஏதோ சொன்னாள். மூவருக்கும் அது கேட்கவில்லை. அவள் கிட்டத்தில் வந்து, குரலை உயர்த்தி, மறுபடியும் சொன்னாள்.

"அண்ணா, அது வெறும் மரப்பொட்டிண்ணா. உள்ள ஸ்பீக்கரே இல்ல."