கொல்லைப் பலாவை வெட்டச் சம்மதம் வேண்டி

பாலா,
சனிக்கிழமை மாலை

மரியாதைக்குரிய அவிராச்சாயனுக்கு,

இயேசுவுக்குப் புகழ் உண்டாகட்டும். உங்கள் தங்கை புருஷன் பைலி எழுதிக்கொள்வது. இங்கே பாலாவில் நானும் ஏலிக்குட்டியும் கோழிகளும் சுகம். வயநாட்டில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் மிளகுக் கொடிகளும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். சுகம் என்று எழுதியது வழக்கத்துக்காக. உண்மையில் எனக்கு வயிறு சரியில்லை, வீட்டில் பேச்சுவார்த்தை சரியில்லை. இரண்டுக்கும் காரணம் பலாப்பழம்தான்.

எங்கள் கல்யாணத்தின்போது உங்கள் வீட்டுத் தேன்வருக்கையின் கொட்டை ஒன்றைப் பொட்டலம் கட்டி ஏலிக்குட்டி கையில் கொடுத்தீர்கள். அவள் அதைக் கொல்லையில் போட்டாள். முளைத்தது, வளர்ந்தது, காய்த்தது. பலா விஷயத்தில் கொட்டை போட்டால் தாயைப் போலவே பிள்ளை வரும் என்ற உறுதி கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். அதனால் உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் வந்தது கெட்டிச் சுளை வருக்கை அல்ல, கூழாகக் குழையும் கூழன். நான் வடக்கே பிலாய் உருக்காலையில் வேலை பார்த்த காலத்தில் லீவுக்கு வரும்போதெல்லாம், ரயிலிலிருந்து இறங்கிக் கால் கழுவுவதற்குள் ஒரு தட்டு சுளையைக் கொண்டுவந்து வைப்பாள். வாயில் போட்டால் மெல்லுவதற்கு முன்னாலேயே வழுக்கித் தொண்டைக்குள் போய்விடும். இனிப்பா இல்லையா என்று யோசிப்பதற்குள் வயிற்றில் இருக்கும். "எங்க அச்சாயன் கொடுத்த மரம், எப்படி இருக்கு?" என்பாள். நானும் வந்த முதல் நாளே சண்டை எதற்கு என்று, "ம், இருக்கு" என்பேன். அச்சாயா, ஆயுசு பூராவும் அந்த ஒரு "ம்"மிலேயே ஓட்டினேன்.

இந்தத் தை மாதம் ரிட்டயர் ஆகி ஒரேயடியாக வீட்டோடு வந்துவிட்டேன். இனிக் காலை நீட்டி உட்காரலாம் என்று பார்த்தால் அந்த மரம் விடவில்லை. சருகு ஓட்டுக் கூரையை அடைக்கிறது, காய் விழுந்து ரெண்டு ஓடு போச்சு, இன்னொண்ணு கோழிக்கூட்டுமேல விழுந்து கோழிங்க மூணு நாள் முட்டை போடல, நான் வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போனா மாத்திரம் பால் சொட்டுது. இத்தனையும் ஒரு கூழனுக்காகவா என்று மனசு விட்டுப்போச்சு. குட்டப்பன் ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மரத்தைக் கட்டிப்பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்ல மஞ்சள் வைரம் பாஞ்ச மரம், ரெண்டு கட்டிலும் ஒரு வாசக்கதவும் வரும்" என்றார். வருகிற வெள்ளிக்கிழமை ஆளோடு வருவதாகப் பேச்சு.

அன்றையிலிருந்து உங்கள் தங்கை என்னோடு பேசுவதில்லை. எதுவானாலும் கோழியிடம்தான் சொல்கிறாள். "ஏ கோழி, கஞ்சி ஆறிப்போகுது, வேணுங்கறவங்க வந்து குடிக்கலாம்." "ஏ கோழி, கட்டில்ல படுக்கணும்னு ஆசைப்படறவங்க இத்தனை நாள் தரையிலயா படுத்தாங்க?" பதில் சொன்னால், "நான் கோழிகிட்ட பேசிட்டிருக்கேன்" என்கிறாள். இப்போதெல்லாம் நானும் கோழி மூலமாகத்தான் காப்பி கேட்கிறேன். சேவல் மட்டும் என் பக்கம் நிற்கிற மாதிரி எனக்கொரு எண்ணம், அதுவும் நிச்சயமில்லை.

போன வாரம் மரத்திலேயே பழுத்த முதல் பழத்தைக் கத்திக்கு எண்ணெய் தடவிக் குறுக்கே அறுக்கிற வாசம் அடுக்களையிலிருந்து வந்தது. "ஏ கோழி, யாருக்காவது சுளை வேணுமா?" என்றாள். "இத்தனை வருஷம் தின்ன கூழன் போதும்" என்றேன். அவ்வளவுதான், முறத்தோடு எடுத்துக்கொண்டு மடத்துக் கன்னியாஸ்திரீகளுக்குக் கொடுக்கப் போய்விட்டாள்.

இதற்கு நடுவில்தான் மாதா கோவிலில் வீட்டுத்தோட்டப் பலாப் போட்டி வைத்தார்கள். பங்குச்சாமியார் விகாரியச்சன் வீடு தேடி வந்து என்னை நடுவராக இருக்கச் சொன்னார். ஏன் நான் என்று கேட்டேன். "ஊர்ல மத்த எல்லாரும் அவங்கவங்க வீட்டுப் பழத்தைப் போட்டிக்குக் கொண்டு வர்றாங்க. சொந்த மரத்தைச் சந்தி சந்தியா நின்னு திட்டறது நீங்க ஒருத்தர்தான். உங்ககிட்ட பட்சபாதம் இருக்காது" என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இன்றைக்கு மத்தியானம் அந்த உத்தியோகம் முடிந்தது. பெண்கள் வேதபாட அறைக்குள் பழங்களை அறுத்து, பேர் தெரியாமல் நம்பர் போட்ட தட்டுகளில் சுளைகளை அனுப்பினார்கள். ஏலிக்குட்டியும் அறுக்கப் போயிருந்தாள். கூட நடுவராக இருந்தவர் டிராயிங் மாஸ்டர் ஔசேப்பு சார். அவர் சுளையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கலர் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுவார், சர்க்கரை வியாதி. ஆக, தின்கிற வேலை முழுக்க என் தலையில். கொஞ்சம் கடித்துப் பார்த்துவிட்டு வைக்கலாமென்றால் ஜன்னல் கம்பிக்கு வெளியே ஊரே முகத்தை அழுத்திக்கொண்டு நிற்கிறது. "என்ன பைலிச்சேட்டா, பாதியில வச்சிட்டீங்க? மூணாம் நம்பருக்கு என்ன குறை?" என்று ஒரு குரல். மூணாம் நம்பர் அவருடையது என்று அப்போதே தெரிந்துபோயிற்று. ஒரு தட்டையும் மிச்சம் வைக்க முடியவில்லை அச்சாயா. நடுநடுவே கடுங்காப்பி குடித்து வாயைக் கழுவிக்கொண்டு எல்லாவற்றையும் தின்றேன். அஞ்சாம் நம்பர் சரியான கூழன். அதற்குக் கடைசி இடம் போட்டு, "எங்கள் கொல்லை மரத்துக்கு இது தேவலை" என்று குறிப்பு எழுதினேன்.

பதினாலாம் நம்பர் வந்தது. எனக்கு அப்போது பலா என்றாலே குமட்டுகிற நிலைமை. கடமைக்காகக் கடித்தேன். கடித்தது காதில் கேட்டது. நாரில்லை, வழவழப்பில்லை, தடித்த சுளை, தேன் இனிப்பு, அதிலும் திகட்டாத இனிப்பு. ஔசேப்பு சார் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், "தண்ணி வேணுமா?" என்றார். இன்னொரு தட்டு வேணும் என்றேன். அதற்கு முதலிடம் போட்டு, "இந்த மரத்தின் நிழலில் வாழ்கிறவன் கொடுத்து வைத்தவன்" என்று கையெழுத்தும் போட்டேன். நாளைக் குர்பானைப் பூசை முடிந்ததும் முடிவைப் படிக்கிறார்கள். யார் வீடென்று தெரிந்தவுடன் கையைக் காலைப் பிடித்தாவது ஒட்டுக்கட்ட ஒரு கொம்பு வாங்கி, நம் கூழன் நின்ற குழியிலேயே வைப்பதாக இருக்கிறேன்.

ஆகவே அச்சாயன் இந்தக் கடிதம் கண்டவுடன் பஸ் ஏறி, வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வந்துசேர வேண்டும். நீங்கள் கொடுத்த கொட்டை, நீங்களே வாயைத் திறந்து "வெட்டிரு ஏலி" என்று சொன்னால் அவள் தட்டமாட்டாள். எனக்கு வாதாடத் தெம்பில்லை. வயசான காலத்தில் ஒரு நல்ல சுளையும், மனுஷரோடு பேசுகிற ஒரு பெண்டாட்டியும் வேண்டும் என்பதுதான் என் விண்ணப்பம்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். மிளகுக்கு நல்ல விலை கிடைக்கவும், உங்கள் முழங்கால் வலி தீரவும் அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன்.

இப்படிக்கு,
களைத்துப்போன மச்சான்,
பைலி

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை. தபாலாபீஸ் லீவு என்பதால் கடிதம் போகவில்லை, நல்லதாகப் போயிற்று. அச்சாயன் வெட்டச் சொல்ல வர வேண்டாம்.

விகாரியச்சன் என் குறிப்புகளை ஒன்று விடாமல் மைக்கில் படித்தார். அஞ்சாம் நம்பர் அவர் குடியிருக்கும் சாமியார் வீட்டுத் தோட்டத்துப் பழமாம். அதையும் அவரே படித்தார். பிறகு "கொடுத்து வைத்தவன்" என்பதை இரண்டு தடவை படித்துவிட்டு, பதினாலாம் நம்பர் ஏலிக்குட்டி பைலி என்றார். கோவில் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. ஏலி மேடையேறிப் பரிசை வாங்கினாள். ஒட்டுக்குக் கொம்பு கிடைக்குமா என்று நாலு பக்கமிருந்தும் கேட்டார்கள். "எங்க வீட்டுக்காரர்கிட்ட கேளுங்க, வெள்ளிக்கிழமை அதுல அவருக்குக் கட்டில் வருது" என்றாள்.

வழியெல்லாம் அவள் பின்னாலேயே நடந்துவந்தேன். அப்படியானால் நான் தின்றதெல்லாம் என்ன என்று கேட்டேன். எத்தனையோ நாளைக்கப்புறம் கோழி இல்லாமல் நேராக என்னிடம் சொன்னாள்: "கோடை லீவெல்லாம் பெரிய ஆபீசருங்களுக்குப் போயிடும், உங்களுக்கு எப்பவும் ஆடி மாசந்தானே கிடைச்சுது. மழைத்தண்ணி ஏறிட்டா எந்த வருக்கையும் அப்படித்தான் ஊறிப்போய் வழவழன்னு ஆயிடும். நீங்க வர்ற வரைக்கும் இருக்கட்டும்னு வருஷா வருஷம் கடைசிப் பழத்தை மரத்துலயே விட்டு வச்சேன். அதைத்தான் தின்னீங்க."

வெட்கமாக இருந்தது அச்சாயா, அழுகையும் வந்தது. குட்டப்பன் ஆசாரிக்கு வர வேண்டாமென்று ஆள் அனுப்பிவிட்டு அடுக்களையில் போய் உட்கார்ந்தேன். ஒரு தட்டு சுளையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்க" என்றாள். "மே மாசத்துல நம்ம வீடு இப்படித்தான் இருக்கும்."