கண்டக்டர் சொன்ன யோசனை

கிட்ட வந்து உட்காருங்க. சத்தம் போட்டுச் சொன்னால் கண்டக்டர் காதில் விழுந்துவிடும்.

பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர் அவர். இனிமேல் பெண்டாட்டி பக்கத்திலேயே இருப்பாள், வேளைக்கு வேளை பரிமாறுவாள் என்று கோட்டை கட்டியிருந்தார். அவளோ பேத்தி எடுத்த வயதில், தொண்டு நிறுவனம் நடத்துவது எப்படி என்று படிக்கக் கிளம்பிவிட்டாள். அவளோடு படிப்பவர்கள் ஒரு நர்சம்மா, ஒரு பட்டாளத்துக்காரர், சக்கர நாற்காலியில் வரும் ஒரு வக்கீல், அயல்நாட்டிலிருந்து பிழைக்க வந்த ஓர் இளம்பெண். எந்நேரமும் அவர்கள் பேச்சுதான்.

திங்கட்கிழமை பரீட்சை. அதில் தவறினால் படிப்பு அத்தோடு சரி. கண்டக்டர் கணக்குப் போட்டார். அவளுக்குத் தெரியாமல் அந்தக் கூட்டம் முழுவதையும் ஞாயிறு விருந்துக்கு அழைத்துவிட்டார். அடுப்படியில் வெந்துகொண்டிருப்பவள் எங்கே படிப்பாள்?

வாசலில் கூட்டத்தைப் பார்த்தவள் அசரவில்லை. புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான், அவர் போட்ட கணக்கு அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என்னங்க, இத்தனை பேருக்கு எப்படிச் சமைக்கறது? எவ்வளவு கூட்டத்தைச் சமாளிச்சவரு நீங்க. ஒரு யோசனை சொல்லுங்களேன்."

வேலை செய் என்றால் ஆள் நழுவும், யோசனை கேட்டால் ஒட்டிக்கொள்ளும்: இது அவர்கள் வகுப்பின் முதல் பாடம். பாவம், கண்டக்டர் அந்த வகுப்புக்குப் போனவரில்லை.

"இதென்ன பெரிய விஷயம்? முதல்ல உலையை வைக்கணும்."

"எவ்வளவு தண்ணிண்ணே?" என்றார் வக்கீல். சொல்வதைவிட ஊற்றிக் காட்டுவது சுலபம் என்று கண்டக்டர் ஊற்றினார். காயை எந்த அளவில் நறுக்குவது என்றார் பட்டாளத்துக்காரர். நறுக்கியும் காட்டினார். உப்பு பற்றி நர்சம்மா கேட்டு முடிப்பதற்குள் குழம்பு கொதித்துவிட்டது. கூடத்தில் அவர்கள் உரக்கப் படிக்க, அடுப்படியில் இவர் வேர்க்க விறுவிறுக்கக் கிண்டினார். அயல்நாட்டுப் பெண் இரண்டாம் தடவை சோறு கேட்டபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை.

பெண்டாட்டி முதலாவதாகத் தேறினாள். தெருவில் எதிர்ப்பட்டவரையெல்லாம் நிறுத்தி, "எங்க வீட்டம்மா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அன்று விருந்துக்கு எதற்கு அழைத்தோம் என்பதே அவருக்கு மறந்துபோனது.

அவளும் கூடப் படித்தவர்களும் சேர்ந்து முதியோருக்கு மதியச் சாப்பாடு போடும் நிலையம் ஒன்றைத் திறந்தார்கள். திறப்பு நாளில் அவள் அவரை ஓரமாக அழைத்தாள்.

"என்னங்க, அரிசியை இப்ப களையலாமா, கொஞ்சம் போகட்டுமா? நீங்க சொன்னாத்தான் சரியா இருக்கும்."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டார். 'சமையல் பொறுப்பாளர்' என்று எழுதிய அட்டையை அவர் கழுத்தில் மாட்டிவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த படிப்புக்குப் பணம் கட்டக் கிளம்பினாள் அவள்.